அயர்லாந்தில் 'ஆவன செய்யப்படும்': அமைச்சரின் பதிலைப் படிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அயர்லாந்து நாடாளுமன்றத்தின் நேரலையை ஒரு நாள் சாயங்காலம் போட்டுப் பாருங்கள். அவையில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். ஒரு பக்கம் இணை அமைச்சர் ஒருவர், எதிரே உறுப்பினர் ஒருவர், மேலே நாற்காலியில் அவையை நடத்துபவர். அமைச்சரின் முன்னால் நாலு தாள்கட்டு. முதல் கட்டு, பள்ளிப் பேருந்தில் இடம் கிடைக்காத கிராமத்துப் பிள்ளைகள். இரண்டாவது, ஆளில்லாமல் மூடிக் கிடக்கும் மருத்துவமனை வார்டு. மூன்றாவது, புயலில் உடைந்த படகுத்துறை. நாலாவது, காவல் நிலையம் திறந்திருக்கும் நேரம். நாலும் நாலு துறை. பதில் சொல்பவர் ஒரே ஆள். நாலு பதிலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: பிரச்சினையை எழுப்பிய உறுப்பினருக்கு நன்றி.

வேலைக்காக டப்ளின் வந்த புதிதில் இதைப் பார்த்து, நம்ம ஊர்ச் சட்டமன்றத்தில் கேட்ட 'ஆவன செய்யப்படும்' இங்கேயும் வந்துவிட்டதா என்று சிரித்துவிட்டு அணைத்துவிட்டேன். அது தப்பு என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. அந்தப் பதில்களில் வேண்டிய தகவல் இருக்கிறது, நாம் தேடும் இடத்தில்தான் இருப்பதில்லை. அமைச்சர் எவ்வளவு வருத்தப்பட்டார் என்று பார்க்காதீர்கள். 'இது யாருடைய வேலை' என்று அவர் யாரைக் கைகாட்டினார் என்று பாருங்கள். அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

அயர்லாந்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காகவும், இங்குள்ள அரசியலை வெளியிலிருந்து பார்த்துப் புரிந்துகொள்ள நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

படி 1: நாலு சொல்லைப் பழகிக்கொள்ளுங்கள்

நாடாளுமன்றத்துக்கு இங்கே 'எரக்டஸ்' என்று பெயர். எழுத்துக்கூட்டி நான் வேறு ஏதோ படித்து அலுவலகத்தில் வாங்கிக் கட்டிக்கொண்ட சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கீழவை 'டோல்', மேலவை 'ஷனட்'. பிரதமர் 'டீஷக்', துணைப் பிரதமர் 'டோனிஷ்டா'. டோலின் அவைத் தலைவர் 'கியான் கோர்லா'. எல்லாம் ஐரிஷ் மொழிச் சொற்கள். ஆங்கிலத்தில் பேசும்போதும் இவற்றை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. 2024 டிசம்பரில் அவைத் தலைவராகத் தேர்வான வெரோனா மர்பி, அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண்.

டோல் உறுப்பினரை 'டி.டி.' என்பார்கள். நமக்கு டி.டி. என்றால் தூர்தர்ஷனும் வங்கி வரைவோலையும்தான் ஞாபகம் வரும், பழகிவிடும். 2024 நவம்பர் தேர்தலிலிருந்து 174 டி.டி.க்கள், 43 தொகுதிகள். கணக்குப் போட்டால் ஒன்று புரியும்: தொகுதிக்கு ஒருவர் இல்லை, மூன்று முதல் ஐந்து பேர். வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் போடுவார். ஒரே கட்சியைச் சேர்ந்த இரண்டு பேர் ஒரே தொகுதியில் ஒருவரை ஒருவர் எதிர்த்தும் நிற்பார்கள்.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி விவாதம் புரிந்துவிடும். தேசிய நாடாளுமன்றத்தில் ஏன் ஒருவர் தன் ஊர்ப் பாலத்தைப் பற்றி நாலு நிமிடம் பேசுகிறார்? எதிர்க்கட்சிக்காரர் மட்டும் இல்லை, சொந்தக் கட்சிக்காரரும் அதே தொகுதியில் அதே ஓட்டுக்குக் காத்திருக்கிறார். பாலத்தைப் பற்றி இவர் பேசாவிட்டால் அவர் பேசுவார். அமைச்சர்களும் ஏறக்குறைய எல்லாருமே டி.டி.க்கள்தான். மேலவையிலிருந்து இரண்டு பேர் வரை அமைச்சராகலாம், அவ்வளவே. அதனால் பதில் சொல்பவருக்கும் ஊரில் ஒரு பாலம் இருக்கிறது.

படி 2: எந்த நேரத்தில் கேட்ட கேள்வி என்று பாருங்கள்

ஒரே பிரச்சினையை எந்த வேளையில் எழுப்புகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதிலின் தரம் மாறும். பேச்சு நேரம் இங்கே அத்தனை பெரிய விஷயம். 2025 ஜனவரி 22 அன்று, அரசை ஆதரிக்கும் சுயேச்சைகளுக்கு எந்தப் பக்கத்துக் கணக்கில் பேச நேரம் கொடுப்பது என்ற சண்டையில் அவையே நடக்கவில்லை. மீஹால் மார்ட்டின் பிரதமராகத் தேர்வாவது மறுநாளுக்குத் தள்ளிப்போனது.

தொலைக்காட்சிச் செய்தியில் வருவது பெரும்பாலும் 'தலைவர்கள் கேள்வி'. செவ்வாய், புதனில் டீஷக்கும் வியாழனில் டோனிஷ்டாவும் பதில் சொல்வார்கள். கேட்பவருக்கு மூன்று நிமிடம், பதிலுக்கு மூன்று நிமிடம், அப்புறம் ஆளுக்கு ஒரு நிமிடம். சத்தம் இருக்கும், தலைப்புச் செய்தி கிடைக்கும். உங்கள் பிரச்சினைக்கு இதிலிருந்து உருப்படியாக எதுவும் தேறாது என்பது என் அனுபவம். பொழுதுபோக்காகப் பார்க்கலாம்.

வாய்மொழிக் கேள்வி நேரம் வேறு ரகம். ஒவ்வொரு துறை அமைச்சருக்கும் முறை வைத்து நாள் வரும். எதிர்க்கட்சிக் குழுக்கள் முன்கூட்டியே கொடுக்கும் முன்னுரிமைக் கேள்விகள் முதலில். மற்ற கேள்விகள் எந்த வரிசையில் வரும் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்கிறது. ஆமாம், நிஜமாகவே குலுக்கல். கேள்வியை அறிமுகப்படுத்த முப்பது வினாடி, அமைச்சருக்கு இரண்டு நிமிடம், அதன்பிறகு ஒவ்வொரு நிமிடமாகத் துணைக் கேள்வியும் பதிலும். துறையின் மூத்த அமைச்சரே எதிரில் நிற்பதால் தப்பிக்க இடம் குறைவு. அமைச்சர் தொடங்கும்போதே '7, 12, 31 ஆகிய கேள்விகளைச் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்' என்றால், ஒரே விஷயத்தை மூன்று தொகுதிக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். உங்கள் ஊர்ப் பிரச்சினை உங்கள் ஊரோடு நிற்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

நான் தொடக்கத்தில் சொன்ன காட்சிக்கு ஆங்கிலத்தில் 'டாபிகல் இஷ்யூ' என்று பெயர். நம்ம ஊர்க் 'கவன ஈர்ப்பு' என்று நினைத்துக்கொள்ளலாம். உறுப்பினர்கள் கொடுத்தவற்றிலிருந்து அவைத் தலைவர் ஒரு நாளைக்கு நாலு தேர்ந்தெடுப்பார். ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு நிமிடம்: உறுப்பினர் நாலு, அமைச்சர் நாலு, மறுபடி உறுப்பினர் இரண்டு, அமைச்சர் இரண்டு. மேலவையிலும் நாள் தொடங்கும்போது ஏறக்குறைய இதே மாதிரி ஒன்று உண்டு.

எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது சத்தமே இல்லாத எழுத்துக் கேள்வி. வருடத்துக்குப் பல பத்தாயிரம் கேள்விகள் இப்படிப் போகின்றன. சில நாட்களில் பதில் வந்துவிடும், பொதுப் பதிவேட்டில் அச்சாகிவிடும். யாரும் மைக் முன்னால் நிற்பதில்லை. உங்களுக்கும் எனக்கும் அதிகம் பயன்படுவது இதுதான்.

படி 3: பதில் சொல்பவர் சொந்தத் துறைக்காரரா?

அரசமைப்புச் சட்டப்படி முழு அமைச்சர்கள் பதினைந்து பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அவர்களுக்குக் கீழே இணை அமைச்சர்கள். இவர்களை இங்கே 'ஜூனியர்' என்பார்கள். ஜூனியர் ஒருவர் எழுந்து 'அமைச்சர் சார்பாக இதை எடுத்துக்கொள்கிறேன்' என்று தொடங்கினால், கையில் இருக்கும் தாளை எழுதியது வேறு துறையின் அதிகாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாலு நிமிடம் வாசிப்பார். கடைசி இரண்டு நிமிடத்தில் தாளிலிருந்து தலையைத் தூக்கி, 'நீங்கள் சொன்னதை அமைச்சரிடம் கொண்டுபோகிறேன்' என்பார்.

உறுப்பினர்களுக்கு இதில் கோபம் வருவது சகஜம். சிலர் அவையிலேயே கொட்டித் தீர்ப்பார்கள். ஆனால் எனக்கு அந்த ஜூனியர்மேல் கோபம் வருவதில்லை. பள்ளிப் பேருந்திலிருந்து படகுத்துறைக்கு ஐந்து நொடியில் தாவ வேண்டும். தாளுக்கு வெளியே ஒரு வாக்கு கொடுத்துவிட்டால் மறுநாள் அந்தத் துறை அமைச்சர் போனில் பிடித்துக்கொள்வார்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சொந்தத் துறை அமைச்சர் நேரில் சொன்னதற்கு எடை அதிகம். மற்றவர் வாசித்தது, துறையின் அன்றைய நிலைப்பாடு. இரண்டும் பதிவில் இருக்கும். ஆனால் பின்னால் மேற்கோள் காட்டும்போது முன்னதைக் காட்டுங்கள்.

படி 4: பதிலை நாலு துண்டாக வெட்டுங்கள்

இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். ஏறக்குறைய எல்லாப் பதிலும் நாலு துண்டுகளால் ஆனது.

நம்மவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம்: ஓட்டுநர் தேர்வு. இந்திய உரிமத்தை இங்கே மாற்றிக்கொள்ள முடியாது. பதினைந்து வருடம் வண்டி ஓட்டியவரும் எழுத்துத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும். தேர்வு நடத்துவது சாலைப் பாதுகாப்பு ஆணையம். 2025 ஏப்ரலில் தேர்வுக்கான சராசரிக் காத்திருப்பு 27 வாரம் வரை போனது. நாடெங்கும் டி.டி.க்கள் இதைக் கேட்டார்கள். இந்த மாதிரிக் கேள்விக்கு வரும் பதில் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

முதல் துண்டு, நன்றியும் அக்கறையும். 'உறுப்பினர் சொல்வதைப் புரிந்துகொள்கிறேன், இளைஞர்களுக்கும் கிராமத்தில் இருப்பவர்களுக்கும் இது எவ்வளவு சிரமம் என்று அறிவேன்.' தாண்டிப் போங்கள்.

இரண்டாவது துண்டு, பணமும் எண்ணிக்கையும். தேர்வு நடத்தும் அதிகாரிகள் இத்தனை பேரை நியமிக்க அனுமதி கொடுத்திருக்கிறோம், போன வருடத்தைவிட இத்தனை தேர்வுகள் கூடுதலாக நடந்தன என்று வரும். இங்கே ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். 'அனுமதி கொடுத்தோம்' என்பதும் 'வேலைக்கு வந்துவிட்டார்கள்' என்பதும் ஒன்றல்ல. 'ஒதுக்கப்பட்டது' வேறு, 'செலவானது' வேறு. மருத்துவமனைப் படுக்கைகளிலும் வகுப்பறைகளிலும் இதே வித்தை நடக்கும். பொய் இருக்காது, வினைச்சொல்லைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். சராசரி என்ற சொல்லையும் சும்மா விடாதீர்கள். நாட்டுச் சராசரி இறங்கிவிட்டது என்றால் உங்கள் ஊர் மையத்திலும் இறங்கிவிட்டது என்று பொருள் இல்லை.

மூன்றாவது துண்டுதான் உயிர். 'இது சட்டப்படி இன்ன ஆணையத்தின் பொறுப்பு, அன்றாட நடைமுறையில் எனக்குப் பங்கில்லை' என்ற பத்தி. ஓட்டுநர் தேர்வு என்றால் சாலைப் பாதுகாப்பு ஆணையம். பேருந்து வழித்தடம் என்றால் தேசியப் போக்குவரத்து ஆணையம். கொள்கையும் மொத்த நிதியும்தான் தன்னுடையது என்று போக்குவரத்து அமைச்சர்கள் வருடக்கணக்காக ஒரே வாக்கியத்தைச் சொல்லி வருகிறார்கள். மருத்துவம் என்றால் 2005 முதல் சுகாதாரச் சேவையை நடத்தும் எச்.எஸ்.இ. குறைந்த வாடகைக்கு அரசு தரும் சமூக வீடுகளுக்கான காத்திருப்புப் பட்டியல் என்றால் உங்கள் உள்ளாட்சி மன்றம்.

இந்தப் பத்தியைக் கேட்டதும் 'கை கழுவிவிட்டார்' என்று சொல்லிவிட்டு எல்லாரும் எழுந்து போய்விடுகிறார்கள். உட்காருங்கள். கை கழுவும்போதே விலாசத்தையும் கொடுத்துவிட்டார். அயர்லாந்தில் எது யார் பொறுப்பு என்று தெரியாமல் நாலு அலுவலகத்துக்கு அலைந்தவர்களுக்கு, ஓர் அமைச்சர் பொது அவையில் 'இது அவர்கள் வேலை' என்று பதிவு செய்வது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும். அந்த வரியை வெட்டி உங்கள் மின்னஞ்சலில் ஒட்டி அந்த ஆணையத்துக்கு அனுப்பலாம். 'எங்கள் வேலை இல்லை' என்று அவர்கள் திருப்பி எழுதுவது கொஞ்சம் கஷ்டம்.

நாலாவது துண்டு கடைசி இரண்டு வரிகள். தேதி இருக்கிறதா? எண் இருக்கிறதா? ஓட்டுநர் தேர்வு விஷயத்தில் இருந்தது. சாலைப் போக்குவரத்தைப் பார்க்கும் இணை அமைச்சர் ஷான் கேனியின் அழுத்தத்தில் ஒரு திட்டம் வந்தது: செப்டம்பர் தொடக்கத்துக்குள் சராசரி 10 வாரம். இப்படி நாளும் எண்ணும் சேர்ந்து வந்துவிட்டால் அதற்குப் பிறகு அமைச்சரும் ஆணையமும் அந்த எண்ணைவிட்டு நகர முடியாது. வாராவாரம் யாராவது அதே எண்ணைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். தேதியும் எண்ணும் இல்லாத முடிவுரைக்கு என்ன அர்த்தம் என்றால்...

படி 5: ஐரிஷ் 'ஆவன செய்யப்படும்' அகராதி

'பரிசீலனையில் உள்ளது' என்றால் ஒருவரும் இன்னும் கோப்பைத் திறக்கவில்லை, அல்லது திறந்தவர் நிதித் துறையின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறார். 'தீவிரப் பரிசீலனையில்' என்றால் பெரும்பாலும் இரண்டாவது.

'உரிய நேரத்தில்' என்பதற்குத் தேதியே இல்லை. 'விரைவில்' என்பது அதைவிடச் சற்று மேல். 'இந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டில்' என்று வந்தால் நம்பலாம், ஆனால் காலாண்டின் கடைசி நாளுக்கு முன்னால் எதிர்பார்க்காதீர்கள்.

'உறுப்பினரிடம் திரும்ப வருகிறேன்' என்பது நல்ல வாக்கு. அமைச்சரின் அலுவலகத்தில் யாரோ ஒருவர் அதைக் குறித்துக்கொள்கிறார். உங்கள் டி.டி. இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் பலன் உண்டு. கேட்காவிட்டால் காற்றோடு போகும்.

'தனிப்பட்ட வழக்குகளில் நான் தலையிட முடியாது.' இதை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். பல இடங்களில் சட்டமே அப்படித்தான் இருக்கிறது. ஓர் அமைச்சர் வீட்டுப் பட்டியலில் ஒருவரை மேலே ஏற்ற முடியாமல் இருப்பது நல்லதும்கூட. நம்ம ஊரில் 'மந்திரி மனசு வைத்தால் நடக்கும்' என்று வளர்ந்தவர்களுக்கு இதை ஏற்றுக்கொள்ள நாளாகும். எனக்கும் ஆனது.

'எச்.எஸ்.இ. நேரடியாகப் பதிலளிக்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்றால் அவைப் பதிவில் பதிலே இருக்காது. அது பின்னால் கடிதமாக டி.டி.யிடம் வரும். சில துறைகளின் பதில்களில் கடைசியாக ஒரு வரி சேர்த்திருப்பார்கள்: பத்து வேலைநாளில் பதில் வராவிட்டால் என் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள் என்று. யாரும் கண்டுகொள்ளாத இந்த வரியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

படி 6: துணைக் கேள்வி வரை இருங்கள்

தயாரித்த பதிலை அதிகாரி எழுதிக் கொடுப்பார். துணைக் கேள்விக்கு அமைச்சரேதான் வாய் திறக்க வேண்டும். எண் தடுமாறுவதும், 'சரி, நான் அந்த ஊருக்கு வந்து பார்க்கிறேன்' என்று வாய் தவறி ஒரு வாக்கு விழுவதும் இங்கேதான். நல்ல டி.டி. முதல் முப்பது வினாடியை வீணாக்க மாட்டார்; தன் உண்மையான கேள்வியை இரண்டாம் சுற்றுக்கு வைத்திருப்பார். மோசமான டி.டி. இரண்டாம் சுற்றிலும் சொற்பொழிவு ஆற்றுவார். அமைச்சருக்கு அதுதான் வேண்டும்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது அமைச்சர்களின் பழைய பழக்கம். மாட்டிறைச்சித் துறை முறைகேடுகளை விசாரிக்க 1991இல் ஒரு தீர்ப்பாயம் அமைத்தார்கள். அதை நடத்திய நீதிபதி லியாம் ஹாமில்டன் விசாரணையின்போது சொன்ன கருத்து இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது: இங்கே சாட்சிகள் பதில் சொல்கிற மாதிரி டோலில் பதில் சொல்லியிருந்தால் இந்த விசாரணையே தேவைப்பட்டிருக்காது, பணமும் நேரமும் மிச்சமாகியிருக்கும் என்றார். அறிக்கை 1994இல் வந்தது. 'சரியான கேள்வியைக் கேட்கவில்லை' என்பதே சமாதானமாகிவிடும் ஓர் இடம் இது. அதனால்தான் அடுத்த படியில் சொற்களுக்கு அத்தனை கவனம் வேண்டும்.

படி 7: பதிவேட்டில் தேடுங்கள்

எரக்டஸ் இணையதளத்தில் விவாதங்களும் கேள்விகளும் தனித்தனிப் பகுதிகளாக உள்ளன. துறை, உறுப்பினர் பெயர், தேதி வைத்துத் தேடலாம். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண்ணும் சாய்கோடும் வருடமும் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் அந்தக் கேள்வியின் ஆதார் எண். ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் பல சமயம் உங்கள் கேள்வியை ஏற்கனவே யாரோ கேட்டிருப்பார்கள். பழைய பதிலையும் புதிய பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தச் சொல் மாறியிருக்கிறது? 'திட்டமிடப்படுகிறது' என்பது 'ஆராயப்படுகிறது' ஆகிவிட்டால் திட்டம் பின்வாங்குகிறது.

படி 8: உங்கள் கேள்வியை உள்ளே அனுப்புங்கள்

குடியுரிமை இல்லையே, ஓட்டு இல்லையே என்று தயங்க வேண்டாம். டோல் தேர்தலில் ஐரிஷ், பிரிட்டிஷ் குடிமக்கள்தான் வாக்களிக்கலாம். ஆனால் டி.டி.யிடம் போக எந்தத் தகுதியும் தேவையில்லை. தொகுதியில் குடியிருந்தால் போதும். தவிரவும் உள்ளாட்சித் தேர்தலில் பதினெட்டு வயதான எந்த நாட்டவரும் இங்கே வாக்களிக்கலாம். அந்த வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துவிடுங்கள்.

டி.டி.க்கள் வாரத்தில் சில மணி நேரம் 'கிளினிக்' நடத்துவார்கள். பெயரைக் கேட்டு மருத்துவம் என்று நினைத்துவிடாதீர்கள். கட்சி அலுவலகத்திலோ சமூகக் கூடத்திலோ உட்கார்ந்து குறை கேட்பார்கள். நான் முதல் தடவை போனபோது நாலு பக்கக் கடிதம் எழுதிக்கொண்டு போனேன். வீட்டுக்காரிக்கு இரவுப் பணி. காலையில் வர வேண்டிய பேருந்து வாரத்தில் இரண்டு நாள் வருவதே இல்லை. நாலு பக்கமும் எங்கள் கஷ்டம். டி.டி.யின் உதவியாளர் பெண் பொறுமையாகப் படித்துவிட்டு, "எந்த பஸ், எந்த நிறுத்தம், எந்தெந்தத் தேதி?" என்று கேட்டார். என்னிடம் ஒன்றுக்கும் பதில் இல்லை. திரும்பி வந்து மூன்று வாரம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் தேதி குறித்தோம். இரண்டாம் தடவை அரைப் பக்கம்தான் கொண்டுபோனேன். அது கேள்வியாகப் போனது.

அந்த அரைப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? நீங்கள் அறிய விரும்பும் ஒரே ஒரு விஷயம், கேள்வி வடிவத்தில். 'ஏன் இப்படிச் செய்கிறார்கள்' என்று எழுதினால் கொள்கை விளக்கம்தான் வரும். 'எங்கள் மையத்தில் இன்ன மாதத்திலிருந்து இன்ன மாதம் வரை மாதவாரியாக எத்தனை பேர் காத்திருந்தார்கள், எத்தனை பணியிடங்கள் காலி' என்று எழுதினால் அட்டவணை வரும். காலம், இடம், அளவு மூன்றும் இருந்தால் தப்பிக்க வழி குறையும். கேள்வி வாதமாக இருக்கக் கூடாது. அவை அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பிவிடும் அல்லது மாற்றச் சொல்லும். தவறான துறைக்குப் போட்டால் சரியான துறைக்கு மாற்றிவிடுவார்கள், அதில் நாள் போகும்.

உங்கள் பெயர் நாட்டுக்கே தெரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். தனி நபர் பற்றிய கேள்வியில் பெயருக்குப் பதில் 'விவரம் தனியே தரப்பட்ட ஒருவர்' என்றுதான் அச்சாகும். ஆனாலும் ஊரும் நோயும் வேலையும் சேர்ந்தால் அடையாளம் தெரிந்துவிடும் சின்ன நாடு இது. யோசித்து எழுதுங்கள்.

குடியேற்ற விஷயம் தனி. குடியுரிமை விண்ணப்பம், விசா, பதிவு அட்டை தாமதம் என்று நம்மவர்கள் கொண்டுபோவதில் பாதி இதுதான். இதற்கு எழுத்துக் கேள்வி போட்டால் நீதித்துறை அமைச்சரின் பதிலில் தவறாமல் ஒரு பத்தி வரும்: இப்படிப்பட்ட தனி விண்ணப்பங்களின் நிலையை அறிய உறுப்பினர்களுக்கென்றே ஒரு மின்னஞ்சல் வசதி வைத்திருக்கிறோம், கேள்வி போடாமலே அதில் கேட்கலாம் என்று. அதனால் டி.டி.யிடம் முதலில் அந்த மின்னஞ்சல் வழியாகவே கேட்கச் சொல்லுங்கள். அந்த வழியில் பதில் போதவில்லை அல்லது வெகுநாளாகியும் வரவில்லை என்றால் கேள்விக்குப் போகலாம். அந்தப் பத்தியே அதையும் சொல்கிறது. ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். கேள்வி போட்டதால் கோப்பு வரிசை தாண்டி முன்னால் வராது. எங்கே நிற்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

நாள் பார்த்துப் போவதும் முக்கியம். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை டோலுக்குக் கோடை விடுமுறை. ஜூன் கடைசியில் கேட்டால் வந்துவிடும் பதிலுக்கு, ஆகஸ்டில் கேட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

படி 9: ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள்

டப்ளின் கில்டேர் தெருவில் லென்ஸ்டர் மாளிகை இருக்கிறது. 1922இலிருந்து அவை அங்கேதான் கூடுகிறது. பார்வையாளர் மாடத்தில் உட்கார உங்கள் டி.டி.யின் அலுவலகத்தில் கேளுங்கள், ஏற்பாடு செய்வார்கள். புகைப்பட அடையாள அட்டை அவசியம். தலைவர்கள் கேள்வி நேரத்துக்கு எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் கவன ஈர்ப்பு நடக்கும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

நாங்கள் போன அன்று இணை அமைச்சர் ஒருவர் மூன்றாவது கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். எதிரே நின்ற உறுப்பினர் ஒரு தாளை உயர்த்தி, இதே பதிலை எட்டு மாதத்துக்கு முன்பும் வாசித்தீர்கள் என்றார். அமைச்சர் தன் தாளைப் பார்த்தார், உறுப்பினரின் தாளைப் பார்த்தார், பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரியையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம் தாளை மூடிவைத்துவிட்டு, "எந்தப் பத்தி?" என்று கேட்டார்.